மூளையில் மொழியைத் தேடிய வரலாறும் பன்மொழியாளரும்

பேச்சொலி பிறக்கும் முறையைக் கூறும் தொல்காப்பியம், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தொலியாக வெளிப்படும் என எழுத்ததிகாரப் பிறப்பியலில் விளக்குகிறது. இவ்வெட்டு இடங்களுள் தலையும் இடம்பெற்றிருப்பதைக் கொண்டு, மொழியின் நிலைக்களன் மூளையே என்பதைத் தொல்காப்பியர் அறிந்திருந்தார் என்று கூற முற்படுவோர் இருக்கலாம். அக்கூற்று பொருந்தாது. பிறப்பியல் கூறுவது காற்றின் இயக்கத்தையும் உறுப்புகளின் முயற்சியையுமே ஆகும். தலை அங்கு ஒலி சென்று நிற்கும் இடமாகவே சுட்டப்படுகிறது. எண்ணத்தின் இருப்பிடமாகத் தமிழ் மரபு கொண்டது நெஞ்சை. அகப்பாடல்களில் தலைவனும் தலைவியும் தம் நெஞ்சை விளித்துப் பேசுவதும், திருக்குறளின் 125ஆம் அதிகாரம் ‘நெஞ்சொடு கிளத்தல்’ எனப் பெயர் பெற்றிருப்பதும் இதனைக் காட்டும். இதில் குறைவுபட ஏதுமில்லை. கிரேக்க அறிஞராகிய அரிஸ்டாட்டிலும் உணர்வுக்கும் அறிவுக்கும் இதயத்தையே இருப்பிடமாகக் கொண்டார்.

மொழி மூளையோடு தொடர்புடையது என்பதும், மூளையின் எப்பகுதி எவ்வாறு அதற்குத் துணைசெய்கிறது என்பதும் நோயாளிகளின் வழியாகவே அறியப்பட்டன. பேச்சை இழந்தவர்களே பேச்சைப் பற்றிக் கற்பித்தனர் எனலாம். அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, அதில் ஒரு மொழி மட்டுமே அறிந்தவர் அளவுகோலாகவும் பல மொழி அறிந்தவர் விதிவிலக்காகவும் கருதப்பட்டதன் விளைவுகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கநிலைக் கருத்துகள்

தலைக்காயத்திற்கும் பேச்சிழப்பிற்கும் உள்ள தொடர்பு மிகப் பழங்காலத்திலேயே கண்டறியப்பட்டது. எட்வின் ஸ்மித் என்பவர் 1862இல் எகிப்தில் விலைக்கு வாங்கியதும், பிரெஸ்டெட் என்னும் அறிஞர் 1930இல் மொழிபெயர்த்து வெளியிட்டதுமான பாப்பிரஸ் சுவடி, ஏறத்தாழ 3600 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதில் கூறப்படும் 48 நோயாளிகளுள், நெற்றிப்பொட்டில் அடிபட்டுப் பேச இயலாமற்போன ஒருவனும் இடம்பெறுகிறான். எனினும் எகிப்தியர், இறந்தோர் உடலைப் பதப்படுத்துங்கால் இதயத்தைப் போற்றிக் காத்து, மூளையை மூக்கின் வழியே அகற்றி எறிந்தனர். கண்டறிவது வேறு, கண்டதற்குப் பொருள் காண்பது வேறு.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னாவில் வாழ்ந்த பிரான்ஸ் ஜோசப் கால் (1758–1828) என்னும் மருத்துவர், மனத்தின் ஒவ்வோர் ஆற்றலுக்கும் மூளையில் தனித்தனி இடம் உண்டு என்றார். பள்ளிப் பருவத்தில் தம்மைவிட எளிதாக மனப்பாடம் செய்த மாணவர்களுக்குக் கண்கள் சற்றுப் பிதுங்கியிருந்ததைக் கண்ட அவர், சொல்லை நினைவிற்கொள்ளும் ஆற்றல் கண்களுக்குப் பின்புறம் அமைந்தது எனக் கருதினார். மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவிக் குணம் கூறும் வழக்கமாக அவருடைய கொள்கை பின்னர்த் தாழ்ந்துபோயிற்று. ஆயினும், மொழிக்கு மூளையின் முன்பகுதியில் இடம் உண்டு என்னும் கருத்தை அறிவுலகில் விதைத்தவர் அவரே. பிழையான சான்றிலிருந்து பயனுள்ள வினா எழுந்தது.

பாரிஸ், 1861

காலின் கருத்தை 1825 முதற்கொண்டு வலியுறுத்தி வந்தவர் புய்யோ என்னும் பிரெஞ்சு மருத்துவர். அவருடைய மருமகன் ஓபெர்த்தான், 1861ஆம் ஆண்டு பாரிஸ் மானிடவியல் கழகத்தில் இக்கருத்தை முன்வைத்து வாதிட்டார். துப்பாக்கியால் தன்னைச் சுட்டுக்கொண்டு நெற்றி எலும்பை இழந்த ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில், வெளித்தெரிந்த மூளையின் முன்பகுதியை மெல்ல அழுத்தியபோது பேச்சு நின்றதையும், அழுத்தத்தை விடுத்தபோது மீண்டதையும் அவர் சான்றாகக் கூறினார். பேச்சிழந்து இறந்த ஒருவரின் மூளையில் முன்பகுதி பழுதின்றி இருப்பதைக் காட்டினால் தம் கொள்கையைக் கைவிடுவதாகவும் அவர் அறைகூவல் விடுத்தார்.

அக்கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவராகிய பால் புரோக்கா (1824–1880) அப்போது பிசேத்ர் மருத்துவமனையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். ஓபெர்த்தானின் அறைகூவல் எழுந்த சில நாட்களில், காலில் பரவிய அழற்சிக்காக ஒரு நோயாளி அவருடைய பிரிவிற்குக் கொண்டுவரப்பட்டார். 51 வயதினராகிய அவருடைய பெயர் லெபோர்ன். அவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே தங்கியிருந்தவர். எதைக் கேட்டாலும் ‘தான்’ என்னும் ஓரசையையே, பெரும்பாலும் இருமுறை, விடையாகக் கூறுவார். அதனால் மருத்துவமனையில் அதுவே அவருடைய பெயராயிற்று. பிறர் கூறுவதை அவர் பெரிதும் புரிந்துகொண்டார். எண்களை விரலால் காட்டினார். தம் கருத்து பிறர்க்கு விளங்காதபோது சினந்து ஒரு வசைத்தொடரை முழுமையாகச் சொல்வார். பேச்சிழந்து பத்தாண்டுகளுக்குப் பின் அவருடைய வலக்கை வலுவிழந்தது. அதன்பின் வலக்கால் செயலிழந்து படுக்கையில் வீழ்ந்தார்.

லெபோர்ன் 1861 ஏப்ரல் 17ஆம் நாள் இறந்தார். மறுநாளே புரோக்கா அவருடைய மூளையை மானிடவியல் கழகத்தின்முன் வைத்தார். இடப்பக்க நெற்றி மடலின் கீழ்ப்பகுதியில் பழுது தெளிவாகத் தெரிந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில், ஐந்து சொற்களை மட்டுமே கூற வல்லவராயிருந்த 84 வயது லெலோங் என்னும் முதியவரின் மூளையிலும் ஏறத்தாழ அதே இடத்தில் பழுது காணப்பட்டது. மேலும் பல நோயாளிகளை ஆராய்ந்தபின், 1865இல், பேச்சு மூளையின் இடப்பாதியைச் சார்ந்தது என்று புரோக்கா அறிவித்தார். தென் பிரான்சைச் சேர்ந்த மார்க் டாக்ஸ் என்னும் மருத்துவர் 1836ஆம் ஆண்டிலேயே இதனைக் கண்டிருந்தார் என்று அவருடைய மகன் உரிமை கோரியது தனி வரலாறு.

இங்குக் கருதத்தக்க செய்திகள் இரண்டு உண்டு. புரோக்கா லெபோர்னின் நோயை மொழியை மறந்த நிலையாகக் கருதவில்லை. சொற்களை ஒலிப்பதற்கு வேண்டிய நா, இதழ் இயக்கங்களை ஒழுங்குபடுத்தும் திறனை அவர் இழந்துவிட்டார் என்றே விளக்கினார். நாவோ இதழோ செயலிழக்கவில்லை. அவற்றைச் சொல்லாகக் கோக்கும் முறையே மறைந்தது. மொழியாராய்ச்சியின் முதற்பெரும் கண்டுபிடிப்பு இவ்வாறு உடலியக்கத்தோடு பிணைந்தே தோன்றியது. உறுப்புகளின் முயற்சியால் எழுத்துப் பிறக்கும் என்ற பிறப்பியலின் நெறிக்கு அணுக்கமானது புரோக்காவின் இந்த விளக்கமேயன்றி, பின்வந்தோர் அவர்மேல் ஏற்றிக் கூறிய ‘மொழி மையம்’ என்னும் கருத்து அன்று.

மற்றொன்று கலைச்சொல் பற்றியது. இந்நோய்க்குப் புரோக்கா ‘அஃபேமி’ எனப் பெயரிட்டார். அச்சொல் கிரேக்க மொழியில் இழிபெயரைக் குறிக்கும் என்று மறுத்த துருசோ என்னும் மருத்துவர், கிரேக்கம் அறிந்தோரைக் கலந்து 1864இல் ‘அஃபேசி’ என்னும் சொல்லை முன்மொழிந்தார். புரோக்கா தம் சொல்லுக்காக வாதிட்டும் துருசோவின் சொல்லே நிலைத்தது. தமிழில் இதனைப் பேச்சிழப்பு என வழங்குகிறோம். எனினும் எழுத்தும் பொருளுணர்வும் கூட இந்நோயில் பாதிக்கப்படுவதால் ‘மொழியிழப்பு’ என்பதே பொருத்தமுடையதாகத் தோன்றுகிறது.

லெபோர்ன் என்ற மனிதரைப் பற்றி நெடுங்காலம் எதுவும் அறியப்படவில்லை. போலந்து நாட்டு ஆய்வாளர் தொமான்ஸ்கி 2013இல் ஆவணங்களைத் தேடி, அவர் மோரே என்னும் சிற்றூரில் 1809இல் பிறந்தவர் என்றும், காலணி செய்வதற்கான மரவச்சு செய்யும் தொழிலாளி என்றும் வெளிப்படுத்தினார். அவ்வூரில் தோல் பதனிடுவதற்குரிய மரப்பட்டையை அரைக்கும் ஆலைகள் இருந்தன. அப்பட்டைப்பொடிக்குப் பிரெஞ்சு மொழியில் ‘தான்’ என்பதே பெயர். எஞ்சிய ஓரசை பிறந்த ஊரின் நினைவாக இருக்கலாம் என்பது அவ்வாய்வாளரின் ஊகம். மெய்ப்பிக்க இயலாத ஊகமே எனினும், 150 ஆண்டுகளாக ‘நோயாளி தான்’ என்றே பாடநூல்களில் வழங்கப்பட்டவருக்கு ஊரும் தொழிலும் மீண்டும் கிடைத்தன.

வெர்னிக்கேயும் இணைப்பு வழிகளும்

புரோக்கா கண்டது பேச்சு வெளிப்படும் வழியை. கேட்டலின் வழியைக் கண்டவர் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே (1848–1905). அவர் 1874இல், தம் 26ஆம் வயதில் வெளியிட்ட சிறுநூலில், சரளமாகப் பேசியும் பொருளற்றுப் பேசுகிற, பிறர் பேச்சை உணர இயலாத நோயாளிகளை விவரித்தார். அவர்தம் பழுது நெற்றிப்பொட்டிற்கு உட்புறமாக அமைந்த பொட்டு மடலில் இருந்தது. சொல்லின் ஒலியுருவம் ஓரிடத்திலும் அதனை ஒலிப்பதற்கான இயக்கம் வேறோரிடத்திலும் இருப்பின், இரண்டையும் இணைக்கும் நரம்பிழைகள் அறுபட்டால் மூன்றாவது வகை நோய் தோன்ற வேண்டும் என்றும் அவர் ஊகித்துரைத்தார். இடங்களைவிட இடங்களுக்கு இடையேயான தொடர்பிற்கு முதன்மை தந்தமையே வெர்னிக்கேயின் சிறப்பு. ஆயின் பாடநூல்கள் ‘புரோக்கா பகுதி பேசுவதற்கு, வெர்னிக்கே பகுதி புரிந்துகொள்வதற்கு’ என்னும் இரண்டு புள்ளிகளாக இதனைச் சுருக்கிவிட்டன.

இச்சுருக்கத்தை அக்காலத்திலேயே மறுத்தவர் உண்டு. இங்கிலாந்தின் ஹியூலிங்ஸ் ஜாக்சன், பேச்சிழந்தோரும் வசையையும் வழிபாட்டுத் தொடரையும் தடையின்றிச் சொல்லக்கூடும் என்பதைக் காட்டி, தானே எழும் பேச்சும் கருதிக் கூறும் பேச்சும் வெவ்வேறானவை என்றார். உளப்பகுப்பாய்வின் தந்தையாகப் பின்னாளில் அறியப்பட்ட சிக்மண்ட் பிராய்டு 1891இல் எழுதிய நூலும், சொற்கள் தனித்தனி அறைகளில் அடைக்கப்பட்டுள்ளன என்னும் கருத்தை மறுத்தது. அவ்வாறிருந்தும் மையங்களைத் தேடும் போக்கே மேலோங்கியது. பிரிட்சு, ஹிட்சிக் ஆகிய இருவரும் 1870இல் நாயின் மூளைப் புறணியில் மின்னோட்டம் செலுத்திக் கால்களை அசையச் செய்தது அப்போக்கிற்கு வலுச்சேர்த்தது. இயக்கத்திற்கு வரைபடம் உண்டெனின் மொழிக்கும் உண்டு என்று எண்ணுவது இயல்பே.

பன்மொழியாளர் என்னும் விதிவிலக்கு

புரோக்காவின் நோயாளிகள் பிரெஞ்சு பேசுவோராகவும் வெர்னிக்கேயின் நோயாளிகள் ஜெர்மன் பேசுவோராகவும் ஆராயப்பட்டனர். ஒருவர் இரண்டு, மூன்று மொழிகளை அறிந்தவராயின் எது எஞ்சும், எது மறையும் என்னும் வினா மெல்லவே எழுந்தது. பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ, நினைவின் நோய்களைப் பற்றி 1881இல் வெளியிட்ட நூலில், அண்மையில் பெற்றவை முதலில் அழியும், பழையவை நிலைக்கும் என ஒரு விதியைக் கூறினார். அவ்விதிப்படி தாய்மொழியே எஞ்ச வேண்டும். போர்தோ நகரப் பேராசிரியர் பீத்ர் 1895இல் பன்மொழியாளர் பேச்சிழப்பைப் பற்றி எழுதிய ஆய்வில் இதற்கு மாறுபட்டார். நோயுறுவதற்குமுன் எம்மொழி மிகுதியாகக் கையாளப்பட்டதோ அதுவே முதலில் மீளும் என்பது அவர் கண்ட முடிவு.

இவ்விரு விதிகளுக்கும் அடங்காத நோயாளிகளும் தோன்றினர். சூரிச் நகர நரம்பியலாளர் மின்கோவ்ஸ்கி 1928இல் விவரித்த நோயாளியின் தாய்மொழி சுவிஸ் ஜெர்மன். வீட்டிலும் அதுவே புழக்கத்தில் இருந்தது. ஆயினும் பக்கவாதத்திற்குப்பின் அவர் முதலில் பேசியது பிரெஞ்சு மொழியை. பின்னர் எழுத்து வழக்கான ஜெர்மன் மீண்டது. தாய்மொழியாகிய வட்டார வழக்கு இறுதியாகவே வந்தது. இளமையில் பிரெஞ்சு பேசிய பெண்ணொருத்தியின்பால் அவர் கொண்டிருந்த அன்பே இதற்குக் காரணம் என்று மின்கோவ்ஸ்கி கருதினார். பழமையும் பயன்பாடும் மட்டுமன்றி உணர்வுப் பிணைப்பும் மொழியைக் காக்கும் என்பது இதனால் பெறப்படும் கருத்தாகும். ஒரே மொழியின் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் நோயில் தனித்தனியே பிரியக்கூடும் என்பது இதனினும் குறிப்பிடத்தக்கது. தமிழரைப் பொறுத்தவரை இச்செய்தியின் இன்றியமையாமை பின்னர்க் கூறப்படும்.

இத்தகைய நோயாளிகள் மருத்துவ இதழ்களில் வியப்பிற்குரியவர்களாகவே இடம்பெற்றனர். இயல்பாக நோயுற்று இயல்பாக மீண்ட பன்மொழியாளரைப் பற்றி எவரும் எழுதவில்லை. எழுதத் தக்கதாக அது கருதப்படவில்லை. இதனால், மொழிகள் வெவ்வேறு காலத்தில் மீள்வதே பொது நிலை என்னும் தோற்றம் உண்டாயிற்று. தேர்ந்தெடுத்த சான்றுகளைக் கொண்டு பொதுவிதி காண்பதன் குறையை இது நன்கு காட்டுகிறது.

மான்ட்ரியால் நகரில் 1934இல் நிறுவப்பெற்ற நரம்பியல் நிறுவனத்தில் வில்டர் பென்பீல்டு, வலிப்பு நோயாளிகளை விழிப்பில் வைத்தே அறுவை செய்து, மூளைப் புறணியை மின்முனையால் தொட்டு மொழிப் பகுதிகளைக் காத்தார். அதே முறையைக் கையாண்ட ஓஜமனும் விட்டேக்கரும் 1978இல் இருமொழியாளர் இருவரைப் பற்றி வெளியிட்ட கட்டுரை குறிப்பிடத்தக்கது. சில இடங்களைத் தொட்டபோது இரு மொழிகளிலும் பெயர் கூறுவது தடைப்பட்டது. வேறு சில இடங்களில் ஒரு மொழி மட்டும் தடைப்பட, மற்றது இயங்கியது. ஒரே வீட்டில் பொதுக்கூடமும் தனியறைகளும் இருப்பது போன்ற அமைப்பு எனலாம்.

நினைவு தந்த திருப்பம்

மொழியாராய்ச்சிக்கு வெளியே நிகழ்ந்த ஒன்று மொழியைப் பற்றிய எண்ணத்தையும் மாற்றியது. கடும் வலிப்பால் துன்புற்ற 27 வயது ஹென்றி மோலைசன் என்பவருக்கு 1953இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஸ்கோவில் என்னும் மருத்துவர் அறுவை செய்து, மூளையின் இருபுறப் பொட்டு மடல்களின் உட்பகுதியை, ஹிப்போகேம்பஸ் என்னும் உறுப்பின் பெரும்பகுதியோடு அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆயின் அதன்பின் நிகழ்ந்த எதனையும் அவரால் நினைவில் நிறுத்த இயலவில்லை. பிரெண்டா மில்னர் அவரைத் தொடர்ந்து ஆராய்ந்தார். கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திர வடிவின் கோட்டைத் தடவி வரையும் பயிற்சியில் அவர் நாள்தோறும் முன்னேறினார். ஆனால் அப்பயிற்சியைச் செய்த நினைவே அவருக்கு இல்லை. கை கற்றதை அவர் அறியவில்லை.

மொழியறிஞர் கருதத்தக்க செய்தி யாதெனில், மோலைசனின் இலக்கணம் சிதையவில்லை, சரளமாக உரையாடினார். எனினும் 1953ஆம் ஆண்டிற்குப்பின் ஆங்கிலத்தில் புகுந்த சொற்களின் பொருள் அவருக்குப் பெரும்பாலும் தெரியவில்லை. சொல்லைக் கற்பதற்கு ஒருவகை நினைவும், தொடர் அமைக்கும் திறனுக்கு வேறுவகை நினைவும் வேண்டும் என்னும் கருத்து இத்தகைய சான்றுகளைக் கொண்டு பிற்காலத்தில் வளர்ந்தது. தாய்மொழி இலக்கணம் நடை பயில்வது போலவும், பள்ளியில் கற்ற மொழியின் விதிகள் வரலாற்று நாட்களை மனப்பாடம் செய்வது போலவும் மூளையில் அமையக்கூடும் எனக் கனடா நாட்டு மொழியியலாளர் மிஷேல் பராதி விளக்கினார். மறதிநோயில் சிலர்க்குக் கற்ற மொழி நழுவுவதும், பேச்சிழப்பில் சிலர்க்குத் தாய்மொழியே தடுமாறிக் கற்ற மொழி எஞ்சுவதும் இவ்விளக்கத்தால் ஓரளவு தெளிவு பெறுகின்றன.

கவனமும் ஐதராபாத் சான்றும்

இருமொழியாளர் ஒரு மொழியைப் பேசுங்கால் மற்றது உறங்குவதில்லை. இரண்டும் விழித்திருக்க, வேண்டாததை அடக்கியே வேண்டியது பேசப்படுகிறது என டேவிட் கிரீன் 1998இல் ஒரு கொள்கையை முன்வைத்தார். இவ்வடக்கும் திறன் கவனத்தைச் சார்ந்தது. வாழ்நாள் முழுதும் இவ்வாறு கவனத்தைப் பயிற்றுவோர்க்கு முதுமையில் ஏதேனும் பயன் உண்டா என்பது அடுத்த வினா. டொராண்டோ நகரில் பியாலிஸ்டாக்கும் அவருடைய குழுவினரும் 184 மறதிநோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து, இருமொழியாளர்க்கு நோயின் அறிகுறிகள் ஏறத்தாழ 4 ஆண்டுகள் தாமதமாகத் தோன்றின என்று 2007இல் அறிவித்தனர்.

இம்முடிவு எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. அந்நோயாளிகளுள் இருமொழியாளர் பெரும்பாலும் பிற நாடுகளிலிருந்து குடியேறியவர்கள். குடிபெயர்வோர் உடலுறுதி மிக்கவராகவோ வேறு வகையில் வேறுபட்டவராகவோ இருக்கலாம். தாமதத்திற்குக் காரணம் மொழியா, குடிபெயர்வா என்று பிரித்தறிய அங்கு வழியில்லை.

அவ்வழி ஐதராபாத்தில் இருந்தது. அந்நகரில் தெலுங்கும் தக்கனி உருதும் பல நூற்றாண்டுகளாக ஒரே தெருவில் புழங்குகின்றன; இந்தியும் ஆங்கிலமும் உடன் சேர்ந்தன. அங்கு இரண்டாம் மொழியை அறிவதற்குக் குடிபெயர வேண்டியதில்லை, பள்ளிக்குச் செல்லவும் வேண்டியதில்லை. நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடி தலைமையிலான குழுவினர் 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அவர்களுள் 391 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி அறிந்தவர்கள். ஒருமொழியாளர்க்கு நோய் தோன்றிய சராசரி வயது 61.1, மற்றவர்க்கு 65.6. எழுத்தறிவு அற்றோரிடையே இவ்வேறுபாடு இன்னும் கூடுதலாக, ஏறத்தாழ 6 ஆண்டுகளாக இருந்தது. கல்வியே காரணம் என்னும் மறுப்பிற்கு இது விடையாக அமைந்தது. இரண்டுக்கு மேற்பட்ட மொழிகளை அறிவதால் கூடுதற் பயன் காணப்படவில்லை என்பதையும் அக்கட்டுரை மறையாமல் கூறியது.

அதே குழுவினர் 2016இல் பக்கவாதம் உற்ற 608 பேரை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இதனினும் நுட்பமானது. நோய்க்குப்பின் அறிவாற்றல் குன்றாதிருந்தோர் இருமொழியாளருள் 40.5 விழுக்காடு, ஒருமொழியாளருள் 19.6 விழுக்காடு. ஆனால் பேச்சிழப்பு உற்றோரின் அளவில் இரு சாராரிடையே வேறுபாடு இல்லை. அதாவது, இருமொழியறிவு மொழியைக் காக்கவில்லை. கவனம் முதலான பிற ஆற்றல்களையே காத்தது போலும். மொழியால் பெற்ற பயன் மொழிக்கு வெளியே விளைந்தது என்னும் இம்முரண், மொழிக்கு மூளையில் தனித்த இல்லம் உண்டு என்னும் பழைய கருத்தைக் கொண்டு விளக்குதற்கு அரியது.

இம்முடிவுகளை இறுதி உண்மையாகக் கொள்ளுதல் கூடாது. இவை மருத்துவமனைக்கு வந்தோரைப் பற்றியவை. வராதோரைப் பற்றி எதுவும் கூறா. நியூயார்க்கின் வட மன்ஹாட்டனில் ஸ்பானிய மொழி பேசும் முதியோரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2014இல் வெளிவந்த ஆய்வு, இருமொழியறிவு மறதிநோயைத் தள்ளிப்போடுவதாகக் காணவில்லை. இளையோரிடம் செய்யப்பட்ட கவனச் சோதனைகளிலும் முடிவுகள் முரண்படுகின்றன. பன்மொழியறிவைப் புகழும் ஆர்வத்தில் இம்மறுப்புகளை மறைப்பது ஆய்வு நெறியன்று. ஆயினும் ஐதராபாத் ஆய்வின் சிறப்பு அதன் எண்களில் மட்டும் இல்லை. மேலை நாட்டு ஆய்வில் பிரித்தறிய இயலாதிருந்த காரணங்களை இந்தியத் தெருவின் இயல்பு வாழ்க்கை பிரித்துக் காட்டிற்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியரில் ஏறத்தாழ 26 விழுக்காட்டினர் தாய்மொழியன்றி வேறொரு மொழியும் அறிந்தவர்கள். கணக்கெடுப்பாளரிடம் ‘மொழி’ எனக் கூறத் தயங்கும் வட்டார வழக்குகளையும் சேர்ப்பின் இத்தொகை கூடும். இவர்களை விதிவிலக்கு என்பது எங்ஙனம்?

மீண்டும் திறக்கப்பட்ட பேழை

புரோக்கா, லெபோர்னின் மூளையை வெட்டிப் பார்க்காமல் சாராயத்தில் இட்டு முழுமையாகப் பாதுகாத்தார். பாரிஸ் நகரின் துப்புய்த்ரான் அருங்காட்சியகத்தில் இருந்த அதனையும் லெலோங்கின் மூளையையும் டிரோங்கர்ஸ் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் காந்த ஒத்ததிர்வுப் படமாக்கி 2007இல் வெளியிட்டனர். பழுது புறணியின் மேற்பரப்போடு நில்லாமல் ஆழத்திற்குப் பரவி, நெற்றி மடலைப் பின்பகுதியோடு இணைக்கும் நரம்பிழைக் கற்றைகளையும் சிதைத்திருந்தது. லெலோங்கின் மூளையில் பழுதுற்ற இடம், இன்று ‘புரோக்கா பகுதி’ என வழங்கப்படுவதன் ஒரு கூறே ஆகும். பேச்சு மையத்தின் முதற்சான்றே மையத்திற்கு அப்பால் சுட்டியது. வெர்னிக்கே ஊகித்த இணைப்பு வழிகள் இவ்வாறு உயிர்பெற்றன.

எழுத்து முறைகளின் வழியாகவும் இத்தகைய திருத்தங்கள் வந்தன. ஜப்பானிய மொழியில் ஒலியைக் குறிக்கும் கானா எழுத்தும் பொருளைக் குறிக்கும் காஞ்சி எழுத்தும் பக்கவாதத்தில் தனித்தனியே இழக்கப்படக்கூடும் என்பதைச் சசனுமா முதலியோர் காட்டினர். கன்னடம், ஆங்கிலம் இரண்டும் அறிந்த நோயாளியின் வாசிப்பிழப்பைப் பிரதிபா காரந்த் 1981இல் ஆராய்ந்தார். ஆங்கில வாசிப்பைக் கொண்டு வகுத்த வகைப்பாடுகள், அசையெழுத்து முறையைக் கையாளும் இந்திய மொழிகளுக்கு அப்படியே பொருந்துமா என்னும் வினாவை அவருடைய ஆய்வுகள் எழுப்பின. மறுபுறம், 12 மொழிக்குடும்பங்களைச் சேர்ந்த 45 மொழிகளைப் பேசுவோரின் மூளை இயக்கத்தைப் படமெடுத்து 2022இல் வெளிவந்த ஆய்வு, எம்மொழியினர்க்கும் மொழி வலையமைப்பு பெரிதும் ஒத்தே அமைந்திருப்பதைக் காட்டியது. திராவிட மொழிக்குடும்பமும் அப்பன்னிரண்டில் அடங்கும். மொழிகள் பலவாயினும் அவை இயங்கும் களம் ஒத்ததே. ஆயின் ஒவ்வொரு மொழிக்கூட்டத்தாரும் அக்களத்தைப் பயன்படுத்தும் வாழ்நிலை ஒன்றன்று.

சோதிக்கும் மொழி

பேச்சிழந்தவரையோ மறதியுற்றவரையோ எம்மொழியில் சோதிப்பது என்பது ஏட்டளவிலான வினா அன்று. தில்லியிலோ மும்பையிலோ நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த தமிழ் முதியவர் ஒருவர், அலுவலகத்தில் ஆங்கிலமும் கடைத்தெருவில் இந்தியும் வீட்டில் தமிழும் பேசியவர் எனக் கொள்வோம். அவரை இந்தியில் மட்டும் சோதித்து அறிவாற்றல் குன்றியது என முடிவு கூறினால், அது அவருடைய மூளையைப் பற்றிய முடிவாகாது. அவருடைய மூன்றாம் மொழியைப் பற்றிய முடிவாகும். தமிழில் சோதிப்பினும் இடர் முற்றும் நீங்காது. மேலைநாட்டு வினாத்தாள்களை எழுத்து வழக்கில் பெயர்த்து அமைத்தால், பள்ளி செல்லாத முதியவர்க்கு அது அரைகுறையாகப் பழகிய வேறொரு மொழியாகவே அமையும். மின்கோவ்ஸ்கியின் நோயாளிக்கு எழுத்து ஜெர்மன் முன்னும் வட்டார வழக்கு பின்னும் மீண்டதை இங்கு நினைவுகூரலாம். அவர் எழுத்து வழக்கில் மட்டும் சோதிக்கப்பட்டிருந்தால் நலமடைந்தவராகவும், பேச்சு வழக்கில் மட்டும் சோதிக்கப்பட்டிருந்தால் நோயாளியாகவும் பதிவாகியிருப்பார்.

இத்தேவையை உணர்ந்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், கல்வி வேறுபாட்டையும் மொழி வேறுபாட்டையும் கருத்திற்கொண்ட அறிவாற்றல் சோதனைத் தொகுப்பு ஒன்றை உருவாக்கியது. 2020இல் வெளியிடப்பெற்ற அதன் வடிவமைப்பின்படி இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் அது அமைந்தது. அந்த முதல் ஐந்தில் தமிழ் இல்லை. இத்தகைய சோதனையைத் தமிழில் அமைப்பதற்கு நரம்பியலாளர் மட்டும் போதார். எச்சொல் எவ்வட்டாரத்தில் புழங்குகிறது, எத்தொடர் பேச்சில் இயல்பானது, பழமொழியின் பொருளைக் கேட்குமிடத்து எப்பழமொழியை எல்லோரும் அறிவர், சென்னையில் பேசும் தமிழும் பெங்களூரில் மூன்றாம் தலைமுறையினர் பேசும் தமிழும் எங்கு வேறுபடுகின்றன என்பவற்றைக் கூற வேண்டியோர் தமிழாய்வாளரே. கிளைமொழி ஆய்வுகளும் வட்டார வழக்கு அகராதிகளும் தமிழ்த்துறைகளின் நூலகங்களில் உள்ளன. மருத்துவமனையின் சோதனை மேசைக்கு அவை இன்னும் சென்று சேரவில்லை.